செருப்புகள் புறப்பட்டுப் போன அட்வெந்து

ஆறுதல்பேரி சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளான அட்வெந்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது, பெரியவர்களின் செருப்புகளெல்லாம் கழற்றிப் போட்ட இடத்தில் கழற்றிப் போட்டபடியே கிடக்க, பிள்ளைகளின் செருப்புகளில் ஒரு ஜோடி தவிர மற்றதெல்லாம் போய்விட்டிருந்தன. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றோம். எங்கள் ஊர் நாய்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இத்தனை செருப்பைத் தூக்க எத்தனை நாய் வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கணக்குப் போடக்கூடிய ஒரே ஆள் மேபல் டீச்சர், கடைசி ஆசீர்வாதம் முடிந்ததுமே அவர் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

செருப்பு போனதைவிட, செருப்பில் வைத்திருந்தது போனதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. அது என்ன என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

பல தலைமுறைக்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வெள்ளைக்காரத் துரைசானி, தன் தேசத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் பிள்ளைகள் தங்கள் சப்பாத்தை ராத்திரி வாசலில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள், விடிந்து பார்த்தால் அதற்குள் ஏதாவது பரிசு இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டாள். எங்கள் ஆட்கள் கூடி யோசித்தார்கள். சப்பாத்து யாரிடமும் இல்லை. செருப்பை ராத்திரி வாசலில் வைத்தால் காலையில் பரிசு இருக்குமோ இருக்காதோ, செருப்பு இருக்காது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய செருப்பும் ஒரே நேரத்தில் வெளியே கிடக்கிற இடம் எங்கள் சபைக் கோயில் படிக்கட்டுதான். ஆகவே கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுகளில், காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும், அப்பாவோ அம்மாவோ திடீரென்று இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், தன் பிள்ளையின் செருப்பு வாருக்கடியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஏதாவது ஒன்றை, ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலமோ ஹேர்கிளிப்போ கோலிக்குண்டோ பலூனோ, செருகி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. வைத்தவர் சொல்லக் கூடாது, எடுத்தவர் கேட்கக் கூடாது. பிள்ளைகள் அந்தப் பாட்டுக்கு இருமல் பாட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக மாற்றலாகி வருகிற ஐயர்மார், அதாவது எங்கள் போதகர்கள், முதல் வருஷம் சபை மொத்தத்துக்கும் நெஞ்சுச்சளி என்று பயந்துபோய் விசேஷ ஜெபம் ஏறெடுப்பதும் உண்டு.

எல்லா வீட்டிலும் இது உண்டு என்று சொல்ல மாட்டேன். ஹைஸ்கூல் பி.டி. சார் குணசீலன், "கிறிஸ்துமஸ் வர்றதுக்கு முன்னாடி என்ன கிறிஸ்துமஸ்? பிள்ளைங்க கெட்டுப்போகும்" என்று சொல்லி, தன் மகள் பெனிட்டாவின் செருப்பில் இதுவரை ஒரு மிட்டாய்கூட வைத்ததில்லை. இன்னொரு பக்கம், பிள்ளையே இல்லாமல் இந்த வழக்கத்தை விடாமல் செய்துவந்தவர் மேபல் டீச்சர்.

அவருக்கும் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் தேவதிரவியம் அண்ணனுக்கும் கல்யாணமாகி வெகுகாலம். குழந்தை இல்லை. இருந்தாலும் இருமல் பாட்டு வந்தால் டீச்சரும் இருமுவார். முன்பெஞ்சிலிருந்து எழுந்து, எங்கள் எல்லாரையும் தாண்டி வெளியே போய், அந்த ஞாயிற்றுக்கு மனதில் பட்ட ஏதோ ஒரு பிள்ளையின் செருப்பில் எதையோ செருகிவிட்டு வருவார். செருகியது யார் என்று சொல்லக் கூடாது என்பது விதிதான், ஆனால் ரப்பரோ ஷார்ப்னரோ பென்சிலோ இருந்தால் அது டீச்சர் வேலை என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். பாதி ஊருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதட்டாமல் அவருக்கு ஒரு வாக்கியம் பேச வராது. பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடுவார்கள், ஓடிக்கொண்டே ரப்பரையும் மோந்து பார்ப்பார்கள்.

போன வருஷ அட்வெந்தில் அவர் வாசனை ரப்பர் வைத்த செருப்பு வயலட்டின் மகன் ஜோவினுடையது. அன்றைக்குச் சாயங்காலமே பையனுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ரத்தத்தில் அணுக்கள் குறைந்து, ஊரே முழங்காலில் நின்று ஜெபித்துப் பிழைத்து வந்தான். அந்த மழைக்குப் பக்கத்து ஊர்களிலும் அதே கொசு, அதே காய்ச்சல். ஆனால் வயலட் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், மெதுவாகக்கூட இல்லை, எல்லாருக்கும் கேட்கும்படி, "பிள்ளை இல்லாத கை பட்டா பின்ன என்ன ஆகும்" என்று சொல்லிவிட்டாள். வயலட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் அதே டீச்சர்தான். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஐயரம்மா பக்குவமாகப் போய், "அடுத்த வருஷம் வேண்டாம் டீச்சர், பிறத்தியார் மனசு எதுக்கு நோகணும்" என்று சொல்ல, டீச்சர் "சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த வருஷம் முதல் ஞாயிறு, பாட்டு ஆரம்பித்து, ஊரெல்லாம் இருமிக்கொண்டு எழுந்து போக, டீச்சர் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் செருப்புகள் காணாமல் போயின. நாங்கள் நாய்களைத் திட்டி முடிப்பதற்குள் தேவதிரவியம் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தேடாதீய. எல்லாம் எங்க வாசல்லதான் நிக்கு," என்றார்.

"கெடக்குன்னு சொல்லும்," என்றார் கோயில்குட்டியார். மணியடிப்பதும் கதவு திறப்பதும் அவர் வேலை என்பதால் படிக்கட்டில் நடப்பதற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"கெடக்கலயே. நிக்கு," என்றார் அண்ணன்.

போய்ப் பார்த்தோம். மழைக்குப் பிறகு நெருஞ்சி மண்டிக்கிடக்கும் பாதையில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆவ் ஊவ் என்று குதித்துக்கொண்டே வந்தார்கள். டீச்சர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் செருப்புகள், சின்னது முன்னாலும் பெரியது பின்னாலும், பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்துக்கு நிற்கிற ஒழுங்கில் வரிசையாக நின்றன. வாருக்கடியில் வைத்தது எதுவும் சிந்தவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஜோவினுடைய நீலவார்ச் செருப்பு. கேட்டுக்கு அந்தப் பக்கம் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு பார்த்த வேலை இது? எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணையும் தொடல," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வயலட்டைப் பார்த்துச் சொன்னார். வயலட் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் காலாலேயே தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாள்.

யாரோ விடலைப் பயல்களின் குறும்பு என்று ஒரு வாரம் நம்பினோம். இரண்டாம் ஞாயிறு நானே கண்ணால் பார்த்தேன். காற்றுக்காகவும் வேறு சில சௌகரியங்களுக்காகவும் நான் எப்போதும் கதவோரக் கடைசி பெஞ்சில்தான் உட்காருவது. இருமியவர்களெல்லாம் உள்ளே வந்து, ஐயர் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரம், படிக்கட்டில் கிடந்த ஒரு சின்னச் செருப்பு தன் ஜோடியை லேசாக இடித்தது; இடித்ததும் அது எழுந்தது; அதைப் பார்த்து அடுத்தது எழுந்தது; கவிழ்ந்து கிடந்தவை புரண்டு நிமிர்ந்தன; அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து, அவசரம் ஏதுமில்லாமல், வாருக்கடியில் இருந்ததைச் சிந்தாமல், தண்ணீர் தேங்கிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு, பஸ் வருகிற சத்தம் கேட்டு ரோட்டோரம் ஒதுங்கி நின்று, பஸ் போனதும் கடந்து, தெற்குத் தெருவுக்குள் திரும்பிப் போயின. ஒரு குட்டிச் செருப்பு மட்டும் பின்தங்கி ஓடி ஓடிப் போனது. டீக்கடை முத்துராக்கு தன் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டு வழிவிட்டார். அப்புறம் நான் கேட்டபோது, "பிள்ளைங்க செருப்பு போச்சு, வழிவிட்டேன், இதுல என்ன இருக்கு" என்று ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தொடர்ந்து ஆற்றினார்.

ஊர் பழகிப்போக அதிகநாள் ஆகவில்லை. ஆச்சரியப்படுவதற்கு ஆள் இல்லாமல் போய், ஆலோசனை சொல்லத்தான் ஆள் பெருகியது. செருப்பு விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார்கள்; அவர், தேய்ந்தால் மாற்றித் தருவேன், நடந்தால் நான் பொறுப்பில்லை என்றார். கயிறு போட்டுத் தூணில் கட்டிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். கட்டினால் தூண் போய்விட்டால் என்ன செய்வது என்று கோயில்குட்டியார் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை காலை சர்வீசில் தெற்குத் தெரு முக்கில் தானாகவே நிறுத்தி, போய்க்கலாமா என்று யாரையாவது கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். ஐயர் செருப்பை வைத்தே ஒரு பிரசங்கம் செய்தார். நீளமான பிரசங்கம், அது முடியும்போது செருப்பு போய்ச் சேர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

இதில் ஒரு விஷயம் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஏதாவது வைத்திருக்கிற செருப்புதான் போகிறது. ஒன்றும் இல்லாத செருப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பி.டி. சார் மகள் பெனிட்டாவின் செருப்பு இரண்டு ஞாயிறும் படிக்கட்டிலேயே தனியாகக் கிடந்தது. மற்றப் பிள்ளைகள் கூட்டமாக நெருஞ்சியில் குதித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போக, அவள் செருப்பு போட்ட காலோடு அழுதுகொண்டு நின்றாள். பி.டி. சார் இரண்டு நாள் முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஃபேன்ஸி ஸ்டோரில் நின்று, பட்டாம்பூச்சி கிளிப்பில் சிவப்பு எது, ரோஸ் எது என்று பெரிய சந்தேகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. முத்துராக்கு தன் பேரனின் செருப்பையும் ஞாயிறு காலையில் கொண்டுவந்து படிக்கட்டில் வரிசையில் விட்டுவிட்டுப் போனார். வாருக்கடியில் டீயில் முக்கித் தின்கிற வறுக்கி ஒன்று இருந்தது.

வயலட் ஒருத்திதான் விடவில்லை. அவள் புருஷன் ஜெயசிங் சிமெண்ட் கடை வைத்திருப்பதால் சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் அவர் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. அவரை வைத்துக் கமிட்டியைக் கூட்டி, வழக்கத்தையே நிறுத்திவிட வேண்டும் என்று பேசவைத்தாள். இது எந்த வேதத்தில் இருக்கிறது, யாரோ துரைசானி சொன்னதற்காக நாம் ஏன் இருமிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று ஜெயசிங் கேட்டார். அப்புறம் சபையில் ரொம்ப மூத்தவரான ஞானசிகாமணி, "எங்க அய்யா என் செருப்புல ஒரு தடவை புளியங்கொட்டை வச்சிருந்தாரு. வேற ஒண்ணும் கிடைக்கல போல. நல்லாத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருந்தாரு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஜெயசிங்கே அந்தப் பேச்சை எடுக்கவில்லை, கிறிஸ்துமஸ் பஜனைக்கு யார் வீட்டில் காபி என்று பேசிவிட்டுக் கலைந்தோம்.

ஆக, வழக்கம் இருக்கும் என்று ஆயிற்று. மூன்றாம் ஞாயிறு வயலட் ஜோவினைச் செருப்பில்லாமலே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையன் பிரசங்கம் முழுக்கத் தன் வெறும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் செருப்புகள் போய்ச் சேர்ந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தேவதிரவியம் அண்ணன் உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்ததால் நடந்ததை முழுக்கப் பார்த்தார். அன்று டீச்சரும் அவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்க வீட்டில் நின்றுவிட்டார். கேட்டுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்ற செருப்புகளைப் பார்த்து, டீச்சர் அடிஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

"உங்களுக்கு எத்தனை தடவ சொல்றது? திரும்பிப் போங்க. போங்கன்னு சொல்லுதேன்லா?"

செருப்புகள் தப்பு செய்த பிள்ளைகளைப் போலக் குனிந்து நின்றனவாம். மழை வலுத்தது. ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலம் நனைந்து சாயம் விட ஆரம்பித்தது. டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு டீச்சர் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, செருப்புகளை வாரி வாரி உள்ளே கொண்டுபோய், பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றாகத் துடைத்து, மிட்டாயைக் காய்ந்த தாளில் மாற்றிச் சுற்றி, அந்தந்த வாருக்கடியில் திரும்ப வைத்தாராம். ஒரு பால்வாடிப் பிள்ளையின் செருப்பைத் துடைத்து முடித்த பிறகும் கீழே வைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாராம்.

டீச்சர் கை பட்டுவிட்டது என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த வாரம் முழுக்க எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், என் வீட்டிலும்தான். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. அத்தனை மழையில் நனைந்தும் ஒரு தும்மல்கூட இல்லை. ஐயருக்கு மட்டும் ஜலதோஷம் பிடித்தது, அவர் செருப்பை யாரும் தொடவே இல்லை.

புதன்கிழமை தேவதிரவியம் அண்ணன் டீக்கடையில் வந்து மெதுவாக விஷயத்தை உடைத்தார். "அவ நேத்து தூத்துக்குடி போயிட்டு வந்தா. ரெண்டு பை நிறைய வாங்கிட்டு வந்திருக்கா. எந்தப் பிள்ளைக்கு எதுன்னு உக்காந்து பிரிச்சு வச்சிட்டு இருக்கா. ரப்பர் இல்ல, பென்சில் இல்ல. விசிலு, வளையலு, பொம்மை, என்னென்னவோ. வர்ற ஞாயித்துக்கிழமை செருப்பு வரும்லா, அதுல வைக்கதுக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க யாரும் ஒண்ணும் சொல்லிராதீய. அவ இந்த மாதிரி இருந்து பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே ஊர் பூராவும் தெரிந்துவிட்டது.

நான்காம் ஞாயிறுதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசி ஞாயிறு. மேபல் டீச்சர் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு வரவில்லை. ஜோவின் அழுது புரண்டு, செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தான். வயலட் கதவோரமாக, எனக்கு முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். இருமல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். பி.டி. சார் இருமியது பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதுகிற அளவுக்கு இருந்தது. வயலட்டும் போய்விட்டு வந்தாள். பிரசங்கம் ஆரம்பித்தது. நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்புகள் அசையவில்லை.

பிரசங்கம் நடந்துகொண்டே இருந்தது, செருப்புகள் கிடந்தபடியே கிடந்தன. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சபையில் பாதிப்பேர் கழுத்து வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஐயரும் விஷயம் புரிந்து, மூன்றாம் பகுதியை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்து, சட்டென்று ஆசீர்வாதம் சொல்லிவிட்டார். வெளியே வந்து செருப்புகளைச் சுற்றி நின்றோம். பரிசுகள் எல்லாம் வாருக்கடியில் இருந்தன. வெறும் செருப்புகள், கடையில் வாங்கிய ரப்பர் செருப்புகள், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு பையன் தன் செருப்பைக் காலால் லேசாகத் தள்ளிவிட்டுப் பார்த்தான். அது தள்ளிய தூரம் போய் நின்றது. இன்னொரு பட்டாம்பூச்சி கிளிப் வைத்த செருப்புக்கு முன்னால் பெனிட்டா உட்கார்ந்து, "போ, போயேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் தேவதிரவியம் அண்ணன் வந்தார். சைக்கிளில் வரவில்லை, நடந்தே வந்தார்.

"என்ன, இன்னும் கெளம்பலையா?" என்று கேட்டுவிட்டு, கீழே பார்த்து, புரிந்துகொண்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவ காலையில இருந்தே வாசல்லதான் நிக்கா. சேலை மாத்திட்டு, வாங்கிட்டு வந்ததையெல்லாம் ஒரு பெட்டியில போட்டுப் பக்கத்துல வச்சிட்டு நிக்கா. நான் போய் என்னன்னு சொல்லட்டும்?"

எது எங்கள் செருப்புகளை மூன்று வாரம் நடத்திக்கொண்டு போனதோ, அது போய்விட்டது. இனி அடுத்த வருஷம்தான், அடுத்த வருஷமும் வருமோ வராதோ. டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், வாங்கியதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டுவது என் கண்முன் வந்தது.

வயலட் குனிந்தாள். தன் செருப்பைப் போடுவதற்கு என்று நினைத்தேன். அவள் ஜோவினுடைய நீலவார்ச் செருப்பைக் கையில் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது லேசான காரியம் இல்லை. பாட்டன் காலத்தில் எந்தத் தெருவில் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது என்பதை எங்கள் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. அதனாலேயே செருப்பு அறுந்தால்கூட இழுத்துக்கொண்டு நடப்போமே தவிரக் கையில் எடுக்க மாட்டோம். வயலட் எடுத்தாள். தன் கால் செருப்பைப் போடவும் மறந்து, பட்டுச்சேலையோடு, ஒரு கையில் பையனும் ஒரு கையில் செருப்புமாக, தெற்குத் தெருவுக்குள் நடந்தாள். ஜெயசிங், "ஏட்டி, எங்க போற" என்று கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. அப்புறம் பி.டி. சார் குனிந்தார். அப்புறம் எல்லாரும் குனிந்தோம்.

டீச்சர் கேட்டுக்கு உள்ளே நின்று, மழை பெய்து ஊறிக்கிடந்த தரையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பெட்டியைக் காலால் பின்னால் தள்ளினார். வயலட் கேட்டுக்கு முன்னால் செருப்பை வைத்தாள். அவள் பாதத்தில் நெருஞ்சி குத்தி ரத்தம் கசிந்திருந்தது.

"டீச்சர், இன்னைக்கு அதுங்களா நடக்கல. அதான் நானே தூக்கிட்டு வந்துட்டேன்."

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்.

"வலது எது, இடது எதுன்னு ரெண்டாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தேன். இன்னும் மாத்தித்தான் வைக்கே."

"என் பிள்ளைக்கு ஏதாவது வைங்க டீச்சர்," என்றாள் வயலட்.

"இந்தக் கையாலயா?"

வயலட் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் தலையைக் குனியவில்லை.

"அந்தக் கையாலதான்," என்றாள்.

டீச்சர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே வந்து, முழங்கால் வலிக்காரர், ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்து, இடதையும் வலதையும் மாற்றிச் சரியாக வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து ஜோவினுக்கு என்று பிரித்து வைத்திருந்த விசிலை எடுத்து நீலவாருக்கடியில் செருகினார். செருகிய பிறகும் கையை எடுக்காமல் அந்தச் சின்னச் செருப்பின்மேல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பையன் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, ஒரு காலைத் தூக்கி, அந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்துக்குள் தன் விரல்களை நுழைத்துக்கொள்ளப் பார்த்தான்.

டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, தெருவடைத்து நின்ற எங்கள் எல்லாரையும் பார்த்து, வகுப்பில் அதட்டுகிற அதே குரலில் கேட்டார்: "என்ன கூட்டம் இது? வரிசையா நிக்கத் தெரியாதா? அடுத்தது யாரு?"

செருப்பும் கையுமாக நாங்கள் வரிசையில் நின்றோம்.